குடுவைக்குள் எவ்வளவு

எங்கள் குடியிருப்பில் எதிர் வீட்டு அண்ணனுக்குக் கேஸ்காரர் என்று பட்டம். அவர் குடிவந்த புதிதில், அடுப்பு சிலிண்டர் பதிவு செய்து பன்னிரண்டு நாளாகியும் வரவில்லை என்று இரண்டாம் மாடிக்காரி அவர் கதவைத் தட்டிச் சண்டை போட்டிருக்கிறாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன்னிடம் இருக்கும் கேஸில் பால்கூடக் காய்ச்ச முடியாது, அது எரியவே எரியாது என்றாராம். எரியாத கேஸை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் வருஷக்கணக்காகச் சம்பளம் வாங்குகிறார் என்ற செய்தி அன்று சாயங்காலத்துக்குள் நான்கு மாடியும் ஏறி இறங்கிவிட்டது. அதை ஏற்றி இறக்கியது நான்தான் என்று சிலர் சொல்வார்கள். லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் யாராவது ஒருவர் ஏறி இறங்கத்தானே வேண்டும்.

அவர் வேலை பார்ப்பது தெருக்கோடியில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தில். நானும் அங்கேதான், வாசல் வரவேற்பு மேசையில். யார் வந்தார்கள், யாரைப் பார்க்க வந்தார்கள், எத்தனை மணிக்குத் திரும்பினார்கள் என்று எழுதிவைக்க வேண்டும். சும்மா செய்கிற காரியத்துக்கு உனக்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்கள் என்பார் என் வீட்டுக்காரர்.

அண்ணன் கையில் இருப்பது ஹீலியம். பலூனில் அடைப்பார்களே, அதேதான். அதைக் குளிரவைத்துக் குளிரவைத்துத் திரவமாக்கிவிட்டால் அதைவிடக் குளிர்ந்த திரவம் வேறு கிடையாதாம். ஆய்வறைகளில் இருக்கும் பெரிய காந்தங்களுக்கு அந்தக் குளிர் இல்லாமல் வேலை ஓடாது. நெஞ்சுயரப் பால் கேனுக்குச் சக்கரம் வைத்தது போன்ற எஃகுக் குடுவைகளில் அண்ணன் அதை நிரப்பி அனுப்புவார். காந்தத்தைக் குளிரவைத்துவிட்டு அது மறுபடி வாயுவாகிவிடும். அந்த வாயுவை ஜன்னல் வழியே விட்டால் நேரே வானத்துக்குப் போய்விடும். பிடித்துவைக்கப் பூமிக்கே சக்தி கிடையாது என்பார் அண்ணன். அதனால் ஒவ்வொரு அறையிலிருந்தும் சுவரோரமாகக் குழாய் போட்டு, போனதையெல்லாம் திரும்ப இழுத்து, சின்னப் பேருந்து அளவுள்ள ஒரு சாம்பல் நிற ரப்பர்ப் பையில் பிடித்து, அழுக்கு நீக்கி, மறுபடி திரவமாக்கி, மறுபடி அனுப்புவார். கொடுத்த கிண்ணம் திரும்பி வருகிறவரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நூறு லிட்டர் வெளியே போனால் தொண்ணூற்று மூன்று திரும்பி வரும். மீதி ஏழு வழியில் சிந்துவது உலக வழக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பி வரும் குழாயின் மீட்டரைப் பார்த்து, அந்த வாரத்து எண்ணைத் தன் மீட்புக் கூடத்து வாசலில் இருக்கும் வெள்ளைப் பலகையில் எழுதுவார். தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று இரண்டு, தொண்ணூற்று மூன்று என்று வருஷக்கணக்கில் அலுப்பில்லாமல் வந்துகொண்டிருந்த அந்தப் பலகையில் ஒரு வெள்ளிக்கிழமை எண்பத்தெட்டு என்று இருந்தது.

மூன்றாவது ஆய்வறையில் ஒரு ரப்பர்க் குழாய் வெடித்திருந்தது. ஐந்தே நாளில் அண்ணன் அதைக் கண்டுபிடித்து மாற்றிவிட்டார். கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனதற்குக் காரணம் பலூன் கடை.

எங்கள் தெருத் திருப்பத்தில் விழாக்களுக்கு அலங்காரம் செய்து தரும் கடை ஒன்று இருக்கிறது. எண்பத்தெட்டு எழுதிய மறுநாள் காலை அண்ணன் அங்கே நின்று கடைக்காரனோடு அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். நான் பார்த்தேன். பார்த்ததைப் பார்த்தேன் என்று இரண்டாம் மாடிக்காரியிடம் சொன்னேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லும்போது புருவத்தைக் கொஞ்சம் தூக்கியிருக்கலாம். அவள் தன் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் எங்கள் நிலையத்து இயக்குநரம்மாவின் கார் ஓட்டுநரோடு தினமும் டீ குடிக்கிறவர். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? செவ்வாய்க்கிழமை காலை இயக்குநரம்மா அண்ணனைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்தம்மா வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. நல்லவர், ஆனால் எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதவர். வாசலில் இருக்கும் கடிகாரத்தைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு வணக்கம் சொல்வார். அண்ணனிடம் அவர் திருட்டு என்ற வார்த்தையைச் சொல்லவில்லையாம். அடுத்த மாதக் கடைசிக்குள் பலகை எண் தொண்ணூறைத் தொட்டு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மீட்புக் கூடத்தை மூடிவிட்டு வெளியிலிருந்து திரவம் வாங்கிக்கொள்ளலாம், வருகிற வாயுவை வெளியே விட்டுவிடலாம், அவரைக் காகிதக் கிடங்குக்கு மாற்றிவிடலாம் என்றாராம்.

காகிதக் கிடங்கைப் பற்றி அண்ணன் வாய் திறக்கவில்லை. வெளியே விட்டுவிடலாம் என்றதுதான் அவரைக் கொன்றது. அன்று என் மேசையைத் தாண்டிப் போகும்போது முகம் வெளுத்திருந்தது. என்ன அண்ணே என்று கேட்டேன்.

"இருபத்து நாலு வருஷமாப் பிடிச்சு வச்சிருக்கேம்மா. ஜன்னலைத் திறந்து விட்டுடலாங்கிறாங்க" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் புருவம் ஞாபகம் வந்தது.

அன்று மதியமே உத்தரவு வந்தது. எல்லாக் குடுவைகளையும் தினமும் மூன்று வேளை அளக்க வேண்டும். சந்தேகத்துக்கு உள்ளானவர் அளக்கக் கூடாது என்பதால் அளக்கிற நேரத்தில் அண்ணன் குடுவைப் பக்கமே வரக்கூடாது. காவல் மேற்பார்வையாளர் அளப்பார். அவர்மீதும் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்பதால் எந்த ஆய்வறையோடும் சம்பந்தமில்லாத ஒருவர் கூடவே நின்று சாட்சிக் கையெழுத்துப் போடுவார். எந்த ஆய்வறையோடும் சம்பந்தமில்லாத ஆள் என்று தேடினால் கட்டடத்தில் நான் ஒருத்திதான் மிஞ்சினேன். எல்லா அறைக்குள்ளும் போக அதிகாரம், கையில் அட்டை, கழுத்தில் பேனா. கரும்பு தின்னக் கூலி.

அளக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். ஆள் உயரத்துக்கு ஒரு மெல்லிய குழாய். அதன் தலையில் சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு மூடி; அதன்மேல் மெல்லிய ரப்பர்த்தாள் இழுத்துக் கட்டியிருக்கும். குடுவையின் வாயைத் திறந்து குழாயை உள்ளே விட்டு, கட்டை விரலை ரப்பர்த்தாளின்மேல் வைத்துக்கொள்ள வேண்டும். குழாயின் நுனி திரவத்துக்குள் இருக்கும்வரை ரப்பர் மெதுவாகத் துடிக்கும், தூங்குகிறவர் நாடி மாதிரி. நுனி திரவத்தை விட்டு மேலே வந்ததும் துடிப்பு மாறிப் படபடக்கும். மாறுகிற இடத்தில் குழாயில் ஓர் அடையாளம் வைத்து, எத்தனை அங்குலம் என்று பார்த்தால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும். இவ்வளவு பெரிய விஞ்ஞானத்துக்கு நடுவில் ஒரு கட்டை விரல்.

மேற்பார்வையாளரின் விரல் காய்ப்புக் காய்த்த விரல். அதற்கு நாடியும் தெரியவில்லை, படபடப்பும் தெரியவில்லை. இரண்டாவது நாளே குழாயை என்னிடம் கொடுத்துவிட்டார். சாட்சி நானே, அளப்பதும் நானே. அவர் கூட நின்று கையெழுத்துப் போட்டார். குழாயை விட்டதும் குடுவை வாயிலிருந்து வெள்ளையாகப் புகை சீறிக்கொண்டு மேலே வரும். நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். இங்கே குளிரில் புகைந்தது. பார்க்க அவ்வளவு அழகு. நேரமாகக் கூடாது என்று நான் சடக்கென்று விட்டு, சடக்கென்று எடுத்துவிடுவேன். சந்தேகமாக இருந்தால் இன்னொரு தரம். ஏழு குடுவைக்கு இருபது நிமிஷம்தான் எனக்கு. நிலையத்திலேயே வேகமான கட்டை விரல் என்று மேற்பார்வையாளர் சொன்னதை வீட்டில் வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் பத்திரிகையைக் கீழே இறக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பலகையில் எண்பத்து மூன்று.

வெடித்த குழாயை மாற்றியாகிவிட்டது, எண் ஏறியிருக்க வேண்டும். இறங்கியிருந்தது. அண்ணன் பலகையின் முன்னால் நின்று தான் எழுதிய எண்ணையே யாரோ எழுதியது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். இயக்குநரம்மா காவலை இறுக்கினார். மூன்று வேளை நான்கு வேளையானது. குடுவை கூடத்தை விட்டுக் கிளம்பும்போது ஒரு தரம், ஆய்வறை வாசலில் ஒரு தரம் என்று கூடுதலாக இரண்டு. அடுத்த வெள்ளி எழுபத்தெட்டு.

அண்ணன் சோப்புத் தண்ணீரும் தூரிகையுமாகக் கட்டடம் முழுக்க அலைய ஆரம்பித்தார். கசிவு இருந்தால் நுரை குமிழ் விடுமாம். ஒவ்வொரு இணைப்பிலும் தடவி, மூக்கு உரச உட்கார்ந்து பார்த்தார். படிக்கட்டுக்குக் கீழே, கழிப்பறைக்குப் பின்னால், கூரைக்கு மேலே. ஒரு குமிழும் வரவில்லை. ரப்பர்ப் பையையும் தையல் தையலாகத் தடவிப் பார்த்துவிட்டார். பாத்திரம் தேய்க்க வைத்திருந்த சோப்பு மூன்று பாட்டில் காணோம் என்று அண்ணி என்னிடம் வந்து சொன்னார். அவர் சொன்ன விதத்தைப் பார்த்தால் அதையும் நான்தான் எழுதிவைத்திருப்பேன் என்று நினைத்தது போல இருந்தது.

அந்த வீட்டில் இன்னொருவரும் உண்டு, அண்ணியின் தம்பி, அண்ணனுக்கு மச்சான். முப்பத்தைந்து வயது, மூன்றாவது ஆய்வறையில் ஆராய்ச்சியாளர், சாப்பாடும் படுக்கையும் அக்கா வீட்டில். வெடித்த ரப்பர்க் குழாய் அவர் அறையில் இருந்ததுதான். தன்னால்தான் மாமாவுக்கு இந்தக் கெடுதல் வந்தது என்று அவருக்கு உள்ளுக்குள் அரிப்பு. இரண்டு பேரும் சாப்பிடும்போது பேசிக்கொள்வதில்லை என்று அண்ணி சொன்னார். ஒருநாள் என் சமையலறை ஜன்னல் திறந்திருந்தபோது தானாகக் காதில் விழுந்தது.

"உன் ரூம்ல யாராவது வால்வைத் திறந்து விடுறாங்களா, உண்மையைச் சொல்லு மாப்ள."

"நானே காவலுக்கு நிக்கிறேன் மாமா. ஈ காக்கா போறதில்ல."

"அப்போ எங்கடா போகுது?"

"நீங்கதான் சொல்லணும். இருபத்து நாலு வருஷம் நீங்கதானே பார்த்தீங்க."

அதற்குப் பிறகு தட்டு நகர்த்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்த வாரம் எனக்குக் கடைவாய்ப் பல் வீங்கிவிட்டது. பிடுங்கிவிட்டு, கன்னத்தில் துணி கட்டிக்கொண்டு ஆறு நாள் வீட்டில் கிடந்தேன். பேச முடியாத ஆறு நாள். குடியிருப்பில் சிலர் பல் மருத்துவருக்கு நன்றி சொன்னதாகக் கேள்வி. நான் இல்லாததால் சாட்சி இல்லை, சாட்சி இல்லாததால் அளவும் இல்லை. இயக்குநரம்மாவும் அந்த வாரம் வெளியூர்க் கூட்டத்தில் இருந்ததால் மாற்று ஆள் போட யாருமில்லை.

வெள்ளிக்கிழமை பலகையில் தொண்ணூறு.

நான் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினேன். விட்டதைப் பிடிக்க வேண்டாமா? ஒரு நாளைக்கு ஐந்து வேளை. அந்த வெள்ளி எழுபத்தேழு.

நான் இல்லாத வாரம் தொண்ணூறு, நான் இருக்கிற வாரம் எழுபத்தேழு. இதைக் கூட்டிக் கழிக்க விஞ்ஞானி தேவையில்லை. இரண்டாம் மாடிக்காரி போதும். மறுநாள் படிக்கட்டில் அவள் எனக்கு வழிவிட்டு ஒதுங்கியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். திங்கள் காலை நிலைய வாசலில் மேற்பார்வையாளர், என்னோடு தினமும் ஏழு குடுவை சுற்றிய அதே மனிதர், என் சாப்பாட்டுப் பையைத் திறந்து காட்டச் சொன்னார். டப்பாவின் மூடியைத் திறக்கும்போது முகத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார், ஏதாவது பறந்துவிடும் என்பது போல. உள்ளே இருந்தது நேற்றைய குழம்பு.

எத்தனையோ பேர் வந்துபோவதை எழுதிவைத்தவள் நான். என்னை ஒருவர் எழுதிவைப்பது எப்படியிருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நான் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் எண்ணைப் பார்த்தால் நான்தான் எடுத்திருக்க வேண்டும். ஒரு கட்டத்தில், எனக்கே தெரியாமல் எடுத்திருப்பேனோ என்று புடவைத் தலைப்பை உதறிப் பார்த்தேன்.

சாயங்காலம் நேரே எதிர் வீட்டுக்குப் போனேன். அண்ணி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் சாப்பாட்டு மேசையில் குழாய்ப் படத்தை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மச்சான் ஜன்னலோரம். நான் எடுக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்; அழுகைதான் வந்தது.

அண்ணன் என்னை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு நான் எதிர்பார்க்காத இடத்தில் ஆரம்பித்தார்.

"பலூன் கடைக்கு எதுக்குப் போனேன்னு என்கிட்டயே கேட்டிருக்கலாமேம்மா. இத்தனை ஹீலியத்தை அடைச்சு ஆகாசத்துக்கு விடுறியே, சாதாரணக் காத்தை ஊதி நூல்ல கட்டித் தொங்கவிட்டா ஆகாதான்னு அவனைத் திட்டப் போனேன்."

நான் தரையைப் பார்த்தேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் இத்தனை வாரமாகக் காலையில் எனக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பிறகு அவர், குடுவையை எப்படி அளப்பீர்கள் என்று கேட்டார். அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்ற பெருமை அந்த நிலையிலும் எட்டிப் பார்த்தது. சமையலறையில் இருந்த தண்ணீர் டிரம்மின் மூடியைத் திறந்து, துடைப்பக் குச்சி ஒன்றை எடுத்து, வழக்கம் போலச் சடக்கென்று உள்ளே விட்டு எடுத்துக் காட்டினேன். தெளிவாகத் தெரிய வேண்டுமே என்று இன்னொரு தரமும் விட்டேன்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்த வேகத்துலயா?"

"ஆமாண்ணே. ஏழுக்கும் இருபது நிமிஷம்."

"ஒவ்வொரு குடுவைலயும் ரெண்டு தரமா?"

"சந்தேகம் வந்தா மூணு."

மச்சான் ஜன்னலை விட்டு எழுந்து வந்துவிட்டார். அண்ணன் அந்தக் குச்சியை என் கையிலிருந்து வாங்கி, நுனியை என் முன்னால் நீட்டினார். பிறகு சொன்னார்.

"நமக்கு அது சும்மா ஒரு குழாய்ம்மா. உள்ள இருக்கற குளிருக்கு அது பழுக்கக் காய்ச்சின கம்பி. சடக்குன்னு விட்டா மேல இருக்கறது கொதிச்சுப் பொங்கிடும். நான் ஒரு தரம் விடுறதுக்கு அஞ்சு நிமிஷம் எடுத்துப்பேன், இஞ்சு இஞ்சா. அப்பவும் கொஞ்சம் போகும். அதனாலதான் வாரத்துக்கு ஒரு தரத்துக்கு மேல நான் அளக்கறதே இல்ல."

"அந்தப் புகை...?" என்று கேட்டேன்.

"அதுதாம்மா ஹீலியம் போற வழி. திறந்த வாய் வழியாப் போறது சுவரோரக் குழாய்க்கு எப்படி வரும்?"

நான் தினமும் நின்று ரசித்த புகை. ஒருநாளைக்கு ஐந்து வேளை, ஏழு குடுவை, இரண்டு தரம். எண்ணிக்கை குறையக் குறைய அளந்தோம். அளக்க அளக்கக் குறைந்தது. அண்ணனைக் குடுவைப் பக்கம் வரக்கூடாது என்று தள்ளிவைத்திருந்ததால் நான் எப்படி அளக்கிறேன் என்று பார்க்க வேண்டிய ஒரே மனிதர் பார்க்கவே இல்லை. அவர் கூரைமேல் சோப்புத் தண்ணீரோடு உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் நான் கீழே குடுவையைப் பொங்கவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆக, எடுத்தது நான்தான், ஆனால் எடுக்கவில்லை. இதை யாரிடம் எப்படிச் சொல்வது?

அண்ணன் மறுநாளே இயக்குநரம்மாவிடம் போய்ச் சொன்னார். சாட்சி என்ற முறையில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அந்தம்மா இரண்டு தரம் முழுக்கக் கேட்டார். இயற்பியல் அவருக்குப் புரிந்துவிட்டது. சங்கடம் வேறு இடத்தில் இருந்தது. அளப்பதால்தான் குறைகிறது என்று நிரூபிக்க ஒரே வழி அளக்காமல் இருப்பது. யாரும் திருடவில்லை என்று காட்ட ஒரே வழி யாரும் பார்க்காமல் இருப்பது. மாதக் கடைசிக்குப் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் ஒரு குடுவையின் வாயையும் அளக்கவென்று திறக்கக் கூடாது, பத்தாம் நாள் எண் தொண்ணூறுக்குக் கீழே இருந்தால் தானே கூடத்தின் சாவியைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவதாக அண்ணன் சொன்னார்.

"பார்க்காம எப்படி நம்பறது?" என்று கேட்டார் இயக்குநரம்மா. குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டது போல இருந்தது.

பத்து நாள் மட்டும் மேடம் என்றார் அண்ணன். அந்தம்மா கடைசியில் சரி என்றார். காந்தங்களுக்கு ஊற்றி முடித்ததும் குடுவைகளை அடுத்த வேளைவரை ஓர் அறையில் வைத்துப் பூட்டுவது, சாவி என் மேசையில் இருப்பது, எடுக்கிறவர் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடுவது என்று முடிவானது. என் டப்பாவைச் சோதித்த மேற்பார்வையாளர் அந்தச் சாவியை இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார்.

பத்து நாள். அண்ணன் வேலைக்கு வந்தார், பையையும் வாயுவை அழுத்தும் எந்திரத்தையும் பார்த்தார், போனார். குடுவை அறைச் சாவியை ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால்கூடச் சுற்றிக்கொண்டு போனார். அண்ணி வீட்டில் காகிதக் கிடங்கு எத்தனையாவது மாடி, படி அதிகமா என்றெல்லாம் என்னிடம் மெதுவாக விசாரித்தார். அவர் முழங்காலுக்கு ஆகாது என்று கவலை.

பத்தாம் நாள் காலை இயக்குநரம்மா அறையில் எல்லோரும் கூடினோம். அண்ணன், மச்சான், மேற்பார்வையாளர், ஓரமாக நான். அண்ணன் எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். மேசைமேல் வைத்தார்.

எண்பத்தாறு.

எழுபத்தேழிலிருந்து ஏறியது ஏற்றம்தான். ஆனால் தொண்ணூறு என்றால் தொண்ணூறு. அண்ணன் கூடத்துச் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தாளின்மேல் வைத்தார். எனக்கு எப்படி இந்தக் கணக்கு வந்தது என்று புரியவில்லை மேடம், நான் சொன்னதில் எங்கேயோ தப்பு இருக்கிறது என்று மட்டும் சொன்னார். தன்மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது தெரிந்தது. இருபத்து நான்கு வருஷத்து மனிதர், நேற்று வேலைக்குச் சேர்ந்தவர் மாதிரி நின்றார்.

சாவிப் பதிவேடு என் மடியில் இருந்தது. அதை யாரும் கொண்டுவரச் சொல்லவில்லை. சாவியோடு வந்த ஏடு, சாவியோடு நானும் தூக்கி வந்திருந்தேன். அதில் என்ன இருக்கிறது என்று அந்தப் பத்து நாளும் எனக்குத் தெரியும். தெரிந்ததை ஒருவரிடமும் சொல்லவில்லை. பல் பிடுங்கிய வாரத்துக்கு அடுத்தபடியாக என் வாழ்க்கையிலேயே அதிகம் பேசாத நாட்கள் அவை. ஒரு தரம் புருவத்தைத் தூக்கியதில் ஒருவருடைய கூடமே போகப்போகிறது, இன்னொரு தரம் வேண்டாம் என்றுதான் இருந்தேன். இப்போது பேசாமல் இருந்தாலும் கூடம் போகிறது.

எழுந்து ஏட்டை மேசைமேல் விரித்தேன். இருபத்தொன்றாம் தேதி காலை ஏழே முக்கால், காரணம்: குடை. இருபத்திரண்டாம் தேதி, ஏழே முக்கால், காரணம்: மூக்குக் கண்ணாடி. இருபத்து மூன்றாம் தேதி, குடை. இருபத்து நான்காம் தேதி, சார்ஜர். ஒன்பது நாளும் ஒரே கையெழுத்து.

மச்சான் யாரும் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்.

"நான்தான் மாமா. குறையுதான்னு பார்த்தேன். குறைஞ்சா உங்களுக்கு முன்னாடியே சொல்லிடலாம்னு. நீங்க சொன்ன மாதிரி மெதுவாத்தான் விட்டேன், ஆனா யாராவது வந்துடுவாங்களோன்னு கை நடுங்கிடுச்சு."

"எத்தனை குடுவை?" என்றார் அண்ணன்.

"ஏழும்."

அண்ணன் அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்ததா, வேறு என்ன இருந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. இயக்குநரம்மா ஏட்டைத் தன் பக்கம் இழுத்தார். இருபத்து நான்காம் தேதிக்கும் இருபத்தாறாம் தேதிக்கும் கீழே இன்னொரு கையெழுத்து இருந்தது. காரணம் என்ற இடத்தில் ஆய்வு என்று மட்டும். அந்த வரிகளின்மேல் நான் எதேச்சையாக உள்ளங்கையை வைத்திருந்தேன். அந்தம்மா என் கையை மெதுவாக விலக்கிவிட்டு, ஏட்டை அண்ணன் பக்கம் திருப்பினார்.

"இது நான்" என்றார். காது சிவந்திருந்தது. "ரெண்டு நாளும் ரெண்டு ரெண்டு தரம். எனக்கு அந்தத் துடிப்பே தெரியல, அதனால திரும்பத் திரும்ப விட்டுப் பார்த்தேன்."

அண்ணன் எண் எழுதியிருந்த தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் கூட்ட ஆரம்பித்தார். இவர் எத்தனை, அவர் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் சுமாராக எவ்வளவு. நடுங்கின கைக்கு ஒரு அளவு, தெரியாத கைக்கு ஒரு அளவு. கூட்டி முடித்து எண்பத்தாறோடு சேர்த்தபோது தொண்ணூற்று இரண்டும் கொஞ்சமும் வந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அதுவரை நின்றுகொண்டுதான் இருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

இயக்குநரம்மா அந்தக் கூட்டலைத் தானும் ஒருமுறை போட்டுப் பார்த்தார். பார்க்காமல் விடுவாரா? சரியாக இருந்தது. கூடத்துச் சாவியை எடுத்து அண்ணன் பக்கம் தள்ளினார். மீட்புக் கூடம் நடக்கும், இனி வாரத்துக்கு ஒரு அளவு, அதையும் நீங்களே எடுங்கள் என்று கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எண் ஏன் குறைந்தது என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி ரொம்ப நேரம் யோசித்தார். கடைசியில் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டுக் கோப்பை மூடினார்.

சாயங்காலம் அண்ணன், மச்சான், நான் மூன்று பேரும் ஒன்றாகவே வீட்டுக்கு நடந்தோம். வாசலிலேயே அண்ணி நின்றுகொண்டிருந்தார். கிடங்கா, கூடமா என்று முதலில் கேட்டார். கூடம்தான் என்றதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டார். பிறகுதான் விசாரணை ஆரம்பமானது.

"அப்போ யாருதான் எடுத்தது?"

"யாரும் எடுக்கல" என்றார் அண்ணன்.

"எடுக்காம எப்படிக் குறையும்?"

"யாராவது எடுக்கறாங்களான்னு பார்த்தாங்கல்ல, அதுல."

"யாரு பார்த்தது?"

அண்ணன் என்னைக் காட்டினார். நான் மச்சானைக் காட்டினேன். மச்சான், இயக்குநர் மேடமும்தான் என்றார்.

அண்ணி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விளக்க மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தோம். குழாய், சூடு, கொதிப்பு, புகை என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம். பாதியில் எனக்கே குழம்பிவிட்டது. அவர் கையைக் காட்டி எங்களை நிறுத்திவிட்டு, தம்பியிடம் கேட்டார்:

"நாளைக்கும் நீ இந்த வேலைக்குத்தான் போகப்போறியா?"